காரணம் தெரியாமல் போன பெண்கள்

மினியத் ஸாலிம்,
3 செப்டம்பர் 1988

அன்புத் தங்கை ஸவ்ஸனுக்கு,

அக்கா இக்லாலின் ஸலாம். என் முட்டியையும் சர்க்கரையையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லாரும் சுகம். குவைத் வெயிலில் நீயும் மாப்பிள்ளை ரவூஃபும் வதங்காமல் இருக்கிறீர்களா என்று எழுது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது கேட்டு நீ சிரிப்பதற்கு முன் நானே சொல்வது கௌரவம். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் ஷவ்கியின் முகத்தில் காறித் துப்புவதற்காகப் போனேன். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். நம் வஹீபா கண்ணை மூடிய அன்று அடக்கத்துக்கு அனுமதிச் சீட்டு எழுத வந்த அந்த மனுஷன், ஒரு கிளாஸ் டீ ஆறுகிற நேரம்கூட அறைக்குள் நிற்கவில்லை. சீட்டில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பத்தேழு வயதுப் பெண். காரணம் தெரியவில்லையாம். இந்த மாவட்டத்தில் யார் செத்தாலும் அந்தச் சீட்டு கடைசியில் என் மேஜைக்குத்தானே வருகிறது? வஹீபாவின் சீட்டும் வந்தது. எந்த நோய்க்கு எந்த எண் என்று போடுகிற வேலை எனக்கு. கூடப் பிறந்தவளின் சாவுக்கு ‘தெரியாது’ என்கிற எண்ணை என் கையாலேயே போட்டேன். ஒன்றரை வருஷமாக அந்தப் பேனாவை நான் தொடுவதில்லை.

இப்போது அந்த ஆளை மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி ஆக்கப்போகிறார்களாம். கேட்டதும் ரத்தம் கொதித்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு மாடி ஏறுவதற்குள் துப்ப எச்சில் இல்லை. அவர் என்னைப் பார்த்ததும் மரியாதையாக, “உக்காருங்க இக்லால் ஹானிம், முகம் ஏன் இப்படிச் செவந்திருக்கு?” என்று கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

“டாக்டர், நான் உங்ககிட்ட ஒண்ணு பேசணும்.”

“பேசாதீங்க. பேசினா ஏறும்.”

என் நிக்காஹ் அன்றே வாயை மூடாதவள் நான். மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரை கொடுத்தார். ‘புண்ணியமாப் போகும் டாக்டர்’ என்று சொன்னதோடு, முலூகியாக் கீரைக் குழம்பு சாப்பிட வீட்டுக்கும் கூப்பிட்டுத் தொலைத்தேன். படி இறங்கும்போதுதான் துப்ப வந்தது ஞாபகம் வந்தது. மறுபடி ஏற முட்டி சம்மதிக்கவில்லை.

துப்புவது படிக்காதவர்கள் வேலை என்று இப்போது தேற்றிக்கொண்டிருக்கிறேன். புள்ளிவிவரப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் வேறு விதமாகவும் துப்பலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
இக்லால்

*

குவைத்,
1 அக்டோபர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். ஊருக்கு வரும் எங்கள் பள்ளிக்கூட டிரைவர் வசம் ஏலக்காயும், வஹீபாக்கா மகள் இனாஸுக்கு ஒரு துணியும், உனக்கு முட்டிக்குத் தடவ எண்ணெயும் அனுப்பியிருக்கிறேன்.

டாக்டரிடம் போனதாக எழுதியிருந்தாய். ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று எழுதவில்லையே. அவர் வேறு ஏதாவது சொன்னாரா?

மருந்துக்கடை பஹ்ஜத் வீட்டில் நம் இனாஸைப் பெண் கேட்கப்போவதாக வஹீபாக்காவின் வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். தாய் இல்லாத பெண். நல்லபடியாக முடியட்டும். அதுவரை எந்தச் சச்சரவும் வேண்டாம் அக்கா.

மாத்திரையை வேளைக்குப் போடு.

உன்,
ஸவ்ஸன்

*

மினியத் ஸாலிம்,
20 அக்டோபர் 1988

என் கண்ணான ஸவ்ஸன்,

எண்ணெய் வந்தது. முட்டி மணக்கிறது, வலி அப்படியே இருக்கிறது. ஏலக்காயில் பாதியை டிரைவர் காப்பியில் போட்டுக் குடித்துவிட்டான் போலிருக்கிறது. நீங்கள் எல்லாரும் சுகந்தானே?

நான் ஒரு வேலை செய்திருக்கிறேன். கேள். டாக்டர் ஷவ்கி இந்த ஊருக்கு வந்தது எழுபத்தெட்டில். அதற்கு முந்தைய பத்து வருஷச் சாவையும், அவர் வந்ததற்குப் பிந்தைய பத்து வருஷச் சாவையும் எடுத்து வைத்துக்கொண்டேன். நாற்பதிலிருந்து அறுபதுக்குள் இருக்கிற பெண்களை மட்டும் பிரித்தேன். பழைய டாக்டர் காலத்தில் நூறு பேர் செத்தால் ஒன்பது பேருக்குத்தான் காரணம் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த ஆள் பாதி நாள் போதையில் இருப்பார். நம் ஆள் வந்த பிறகு முப்பத்தொன்று. கணக்குப் போடும்போதே எனக்கு வாய் ஊறியது.

அப்புறம் அதே வயது ஆண்களை எடுத்தேன். அன்றைக்கும் ஒன்பது, இன்றைக்கும் ஒன்பது. ஆம்பளை செத்தால் ஈரலா, மாரடைப்பா, வண்டி மோதியதா என்று மனுஷனுக்குப் பளிச்சென்று தெரிகிறது. பெண் செத்தால் மட்டும் கண் கட்டிவிடுகிறது. நம்மைத் தொட்டுப் பார்க்கக்கூட அருவருப்பு போலிருக்கிறது.

பக்கத்து மேஜை நாஹித் சொல்கிறாள்: “ஏன்க்கா, நம்ம பொம்பளைங்கதான் எதையும் வெளிய சொல்றதில்லையே?”

“சொல்லாட்டி என்ன? டாக்டருக்கு எதுக்குக் கண்ணு குடுத்திருக்கான் அல்லாஹ்?” என்றேன்.

அவளுக்கு என்ன தெரியும். பேக்கரி ஹில்மியின் மனைவி போனபோது ஊரே ரத்தக்கொதிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தது. கர்ப்பப்பையில் ‘அந்த நோய்’ என்பதை நான்தான் தையற்கடையில் சொல்லித் தெளியவைத்தேன். அப்போதெல்லாம் இந்த டாக்டர் சீட்டில் ஒழுங்காக எழுதினார். உண்மை தெரிந்தால் நாலு பேருக்கு நல்லதுதானே. எனக்கு இப்போது புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊர்க்கதையை வைத்துத்தான் குடித்தனம். அதுகூட இந்த மனுஷனால் வறண்டுகிடக்கிறது.

இதை அறிக்கையாக எழுதி டைரக்டர் ஃபிக்ரியிடம் கொடுக்கப்போகிறேன். துப்பினால் அரை நிமிஷத்தில் துடைத்துக்கொள்வார். இதைத் துடைக்க முடியாது.

உடனே பதில் எழுது.

அக்கா இக்லால்

*

குவைத்,
2 டிசம்பர் 1988

அன்பு அக்கா,

நலமா? பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இளையவனுக்கு அம்மை போட்டிருந்தது. இப்போது இறங்கிவிட்டது.

அந்த அறிக்கையைக் கொடுக்காதே. டாக்டரை விட்டுவிடு. வஹீபாக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள்; சீட்டில் எதை எழுதினாலும் அவள் திரும்பி வரப்போவதில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. இதற்கு மேல் கேட்காதே.

இனாஸின் நிச்சயம் எந்தத் தேதியில்?

ஸவ்ஸன்

*

மினியத் ஸாலிம்,
18 டிசம்பர் 1988

ஸவ்ஸன்,

பிள்ளைக்கு அம்மை இறங்கியதில் நிம்மதி. எனக்கு இருமல். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன், உன் கடிதம் வரும்வரை.

‘கெட்ட மனிதர் இல்லை.’ அப்படியா? இருபது வருஷத்துக்கு முன்னால், அவர் வேறு ஊரில் இருந்தபோதே, ஷவ்கியின் அம்மா உன்னைப் பெண் பார்க்க வந்து, நம் வீட்டு பாதாம் ஷர்பத்தை மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, பெண் குள்ளம் என்று சொல்லிப் போனாளே, மறந்துவிட்டதா? அந்த வயிற்றெரிச்சல்கூட இல்லாமல் நீ அந்த ஆளுக்காக உருகுகிறாய். மாப்பிள்ளை ரவூஃப் இந்தக் கடிதத்தைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன். படித்தால் ஸலாம் சொல்.

அறிக்கையைக் கொடுத்தாயிற்று. ஃபிக்ரிக்கு இரண்டு தூணுக்கு மேல் இருக்கிற புள்ளிவிவரப் படத்தைப் பார்க்கப் பொறுமை கிடையாது. அதனால் குட்டையாக ஒரு தூண், நெட்டையாக ஒரு தூண். நெட்டைக்குச் சிவப்புப் பென்சில். பார்த்தவர் கையிலிருந்த பிஸ்கட் டீயில் விழுந்துவிட்டது.

“இது வெளிய போனா என் தலை உருளும், இக்லால்.”

“உங்க தலை எதுக்கு சார் உருளணும்? உருள வேண்டிய தலை ரெண்டு தெரு தள்ளி இருக்கு.”

நிச்சயம் ஜனவரி முதல் வியாழக்கிழமை. பஹ்ஜத்தின் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, “வஹீபாவுக்கு என்னதான் ஆச்சு? குடும்பத்துல ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள். “அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன், தெரிஞ்ச அன்னைக்கே உங்ககிட்ட சொல்றேன்” என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சம்பந்திகளோடு ஒளிவுமறைவு கூடாது பார்.

கம்பளி போட்டுத் தூங்கு.

இக்லால்

*

மினியத் ஸாலிம்,
5 பிப்ரவரி 1989

ஸவ்ஸன்,

ஏழு வாரமாக ஒரு வரி இல்லை. தபால்காரனைச் சந்தேகித்தேன், அவன் சத்தியம் செய்கிறான். உடம்புக்கு ஒன்றுமில்லையே? நிச்சயம் நன்றாக நடந்தது. இனாஸ் அப்படியே வஹீபாவின் சாயல். எனக்கு அழுகை வந்து கண்மை கழுத்துவரை ஓடியது. பஹ்ஜத் வீட்டுச் சின்னப்பிள்ளை ஒன்று என்னைப் பார்த்துப் பயந்து அலறியது.

போன வாரம் விசாரணை. கெய்ரோவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். தஸ்தாவேஜு எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நானும் உள்ளே இருந்தேன்.

“டாக்டர் ஷவ்கி, பொம்பளைங்க விஷயத்துல மட்டும் ஏன் இவ்வளவு ‘தெரியவில்லை’?”

“தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேன்.”

“நூத்துக்கு முப்பத்தொண்ணு பேருக்கா தெரியல?”

“ஆமா.”

“நீங்க உடம்பைப் பாக்குறீங்களா இல்லியா?”

“பாக்குறேன்.”

“பாத்துமா தெரியல?”

அதற்கு அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. வஹீபா செத்த அன்று என் வயிற்றில் எரிந்தது இவர் வயிற்றிலும் கொஞ்சம் எரியட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு அரிசிப் பாயசம் சாப்பிட்டேன். சர்க்கரையாவது மண்ணாவது.

எழுதித் தொலை.

இக்லால்

*

குவைத்,
27 பிப்ரவரி 1989

அக்காவுக்கு,

நலம். விசாரணையில் அவர் எதுவுமே சொல்லவில்லையா? கடைசிவரை?

கல்யாணத்தை மே மாதமே வைத்துக்கொள்ளச் சொல்லி வஹீபாக்காவின் வீட்டுக்காரருக்கு எழுதியிருக்கிறேன். நீயும் சொல். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை கிடைக்காது. இருந்தாலும் பரவாயில்லை, தள்ளிப்போட வேண்டாம்.

ஸவ்ஸன்

*

மினியத் ஸாலிம்,
30 மார்ச் 1989

தங்கச்சி,

எல்லாரும் சுகமா? உன் கடிதத்தைவிட மருந்துச் சீட்டு நீளமாக இருக்கும். போகட்டும், எனக்கு இன்று யார்மேலும் கோபமில்லை.

டாக்டர் போயாயிற்று. பதவி உயர்வும் இல்லை, மண்ணும் இல்லை. தாக்லா பாலைவனச் சோலைக்கு மாற்றல். அங்கே பெண்களைவிட ஒட்டகம் அதிகம்; எந்தக் காரணம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

வழியனுப்புகிற அழகைப் பார்க்கப் பஸ் நிலையத்துக்குப் போனேன். தனியாக, தலைகுனிந்து, இரண்டு பெட்டியோடு நிற்பார் என்று எதிர்பார்த்தேன். போனால், கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். அத்தனையும் பெண்கள். எல்லாம் இளவயது. ஒருத்தி கையில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி, இன்னொருத்தி தட்டு நிறைய கஹ்க் பிஸ்கட், ஒருத்தி டாக்டரின் மனைவியைக் கட்டிக்கொண்டு விசும்புகிறாள். யார் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் தாயில்லாதவர்கள். தாயில்லாப் பெண்களாகப் பார்த்து வளைத்திருக்கிறார், ஐம்பத்தெட்டு வயசில். அந்த மனைவியும் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். எந்த உலகத்தில் நடக்கும் இது?

கூட்டத்தில் நம் இனாஸும் இருந்தாள்.

“நீ எங்கடி இங்க?”

“தன்தாவுக்கு பஸ் எப்போன்னு கேக்க வந்தேன், பெரியம்மா.”

“கையில என்ன பொட்டலம்?”

“பசிச்சா சாப்பிட.”

பஸ் நிலையத்துக்கு நேரம் கேட்க வருகிறவள் ஒரு முழு வாத்தைப் பொரித்தா எடுத்து வருவாள்? நான் மேலே கேட்பதற்குள் டாக்டரே என்னிடம் வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்து, பதிலுக்கு நாலைந்து வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

“மாத்திரையை விட்டுடாதீங்க, இக்லால் ஹானிம். புது டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்” என்றார்.

தயாராக வைத்திருந்த எதையும் உபயோகிக்க முடியவில்லை. பஸ் கிளம்பும்போது எல்லாப் பெண்களும் கையசைத்தார்கள். என் கையும் பாதி உயர்ந்துவிட்டது. காதைச் சொறிவதுபோல் சமாளித்துக்கொண்டேன்.

வஹீபாவின் கப்ரில் துளசியும் பேரீச்சோலையும் வைத்துவிட்டு, ‘பழி தீர்ந்தது தங்கச்சி’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இக்லால்

*

குவைத்,
10 ஜூன் 1989

அன்புள்ள அக்கா,

நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். கல்யாணப் படங்கள் வந்தன. வலீமா விருந்து முடிந்து இனாஸ் புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அவள் கைப்பட எழுதியதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்காருகிறேன்.

வஹீபாக்காவுக்கு மார்பில் கட்டி. இரண்டு வருஷமாக இருந்தது. வயிற்றுப்புண் என்று உன்னிடம் சொன்னது பொய். நீ வாரா வாரம் பூண்டு ரசம் வைத்துக் கொடுத்தாய்; அதைக் குடித்துவிட்டு எனக்கு எழுதுவாள், ‘அக்காவுக்கு மனசு தங்கம், ஆனா வாய்…’ என்று. அந்த வாக்கியத்தை அவள் எப்போதும் முடித்ததில்லை.

டாக்டர் ஷவ்கிக்கு எல்லாம் தெரியும். அவர்தான் கட்டியைக் கண்டுபிடித்தார். தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு, தன் காரிலேயே, உறவுக்காரர் கல்யாணம் என்று சொல்லி இரண்டு முறை அலெக்ஸாண்ட்ரியாவுக்கு அழைத்துப் போனார். காலம் கடந்துவிட்டது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கடைசி வாரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான். இனாஸ் பக்கத்தில் இருந்தாள், அவள் எனக்கு எழுதியதை அப்படியே தருகிறேன்: “சீட்டுல எதையும் எழுதிடாதீங்க டாக்டர். அது எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும்.”

அவர் எழுதவில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை அக்கா. உனக்கு நான் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் இன்று தாக்லாவில் இருக்கமாட்டார். ஆனால் அந்த ஒரு வரி உன் கைக்கு வந்திருந்தால், அன்று சாயங்காலமே பஹ்ஜத் வீட்டுக்குப் போயிருக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்குத் தூக்கமில்லை.

பேக்கரி ஹில்மியின் மகளுக்கு நிச்சயம் முறிந்ததே, அவள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாளா?

பழி தீர்ந்தது என்று எழுதியிருந்தாய். யாருக்கு என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரையைப் போடு.

உன் தங்கை,
ஸவ்ஸன்

*

மினியத் ஸாலிம்,
9 ஜூலை 1989

ஸவ்ஸன்,

ஸலாம். உங்கள் நலத்துக்கு துஆ செய்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். நீ பேனாவை மாற்ற வேண்டும். மை திட்டுத்திட்டாக ஊறியிருக்கிறது.

சீட்டு எங்கே போகும் என்று தெரியும் என்றாளாம் வஹீபா. எங்கே போகும்? என் மேஜைக்கு வரும். எண் போட்டதும் அலமாரிக்குப் போகும். பூட்டுப் போட்ட அலமாரி. சாவி டைரக்டரிடம். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

நீங்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள், நீ மூடிக்கொண்டாய், அந்தச் சின்னப் பெண் மூடிக்கொண்டாள், டாக்டர் கெய்ரோக்காரர்கள் முன்னால் தலை போனாலும் திறக்கமாட்டேன் என்று நின்றார். என்னை மட்டும் பேசவிட்டு வேடிக்கை பார்த்தீர்கள். வாரா வாரம் அந்த ரசத்துக்குப் பூண்டு உரிக்க எனக்கு நகக்கண் எரியும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தாயா, சொல்லாமல் இருக்க எனக்கும் தெரியும்.

ஹில்மியின் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். ரொட்டி வாங்கப் போனால் எனக்கு மட்டும் கருகியதாகப் பார்த்துக் கொடுக்கிறாள். கண் சரியில்லை போலிருக்கிறது என்று இத்தனை நாள் பரிதாபப்பட்டேன்.

தாக்லாவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு’ என்பதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. முலூகியா காயவைத்து ஒரு பை அனுப்பியிருக்கிறேன். பெயர் போடவில்லை.

புது டாக்டர் சின்னப்பையன். ஆணோ பெண்ணோ, எல்லாருக்கும் ‘இதயம் நின்றது’ என்று எழுதுகிறான். எதிர்த்து யார் என்ன சொல்ல முடியும்? ஃபிக்ரிக்கு ஏக சந்தோஷம். கெய்ரோவிலும் என் வேலையைப் பாராட்டி, மற்ற மாவட்டங்களுக்கு முன்மாதிரியாக அனுப்பப் பத்து வருஷக் கணக்கையும் ஒவ்வோர் ஆண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார்கள். இன்று பகல் முழுக்க அந்த வேலைதான்.

நான் முத்தமிட்டதாகப் பிள்ளைகளிடம் சொல்.

இக்லால்

பின்குறிப்பு: பிரித்துப் பார்த்ததில், டாக்டர் ஷவ்கி வந்த எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பெண்களின் ‘தெரியவில்லை’ நூற்றுக்கு ஒன்பதுதான் இருக்கிறது, பழைய டாக்டருக்கு இருந்ததுபோலவே. எண்பத்தொன்றில் முப்பத்து மூன்று. அதற்குப் பிறகு நாற்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. என்னைப் பிறப்புப் பதிவிலிருந்து இறப்புப் பதிவுக்கு மாற்றியது எண்பத்தொன்று ஜனவரியில்.